நுரையீரல் நோயாளியின் எக்கோ: எந்த எண்ணை நம்புவது, எப்போது கத்தீட்டர் வரை போவது

பல ஆண்டுகளாக இன்ஹேலர் எடுத்துக்கொண்டிருக்கும் ஒருவர், சென்ற ஆண்டு வரை மாடிப்படியில் ஒரே ஒருமுறை நின்று ஏறியவர், இப்போது மூன்று இடங்களில் நிற்கிறார். ஊதும் மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி எடுத்துப் பார்த்தால் எண்கள் ஏறக்குறைய பழையபடியே இருக்கின்றன. அப்படியானால் இந்தக் கூடுதல் மூச்சிரைப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியுடன் மருத்துவர், ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோவை எழுதிக் கொடுக்கிறார். அறிக்கையின் கடைசி வரியில் "ஆர்.வி.எஸ்.பி. 44" (வலது கீழறை சுருங்கும்போது அதனுள் எழும் அழுத்தம்) என்றும், நுரையீரல் தமனியின் அழுத்தம் ஓரளவு கூடியிருக்கிறது என்றும் எழுதப்பட்டிருக்கும். வீட்டார் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது இதய நோயா, இதற்கு மாத்திரை உண்டா, அடுத்து ஆஞ்சியோ போல ஏதாவது செய்ய வேண்டுமா என்பவை அவர்கள் கேட்கும் கேள்விகள். எக்கோ அறையில் நின்று இந்தக் கேள்விகளைப் பலமுறை கேட்ட அனுபவத்தில், எக்கோவோடு நிறுத்திக்கொள்வது, இரத்தப் பரிசோதனை செய்வது, ஏற்கெனவே எடுத்த மார்பு சி.டி. ஸ்கேனைத் திரும்பப் பார்ப்பது, எம்.ஆர்.ஐ. எடுப்பது, சிரை வழியாகக் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளக்கும் வலப்பக்கக் கத்தீட்டர் வரை போவது ஆகிய வழிகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன். நாள்பட்ட நுரையீரல் நோய்கள் பல என்றாலும், இக்கட்டுரை பெரும்பாலும் சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பற்றியது. புகைபிடித்தவர்களுக்கு மட்டுமன்றி, விறகடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்த பெண்களுக்கும் வருகிற நோய் அது.

நுரையீரலின் நோய் இதயத்தை ஏன் தொடுகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். காற்று சரியாகச் சேராத பகுதிகளில் உள்ள சிறு இரத்தக் குழாய்கள் தாமாகவே சுருங்கிக்கொள்ளும். எம்ஃபிசீமாவில் காற்றுப் பைகளின் சுவர்கள் அழியும்போது அவற்றினுள் ஓடிய நுண்குழாய்களும் சேர்ந்து அழிகின்றன. எஞ்சிய குழாய்களின் வழியே முழு இரத்தத்தையும் தள்ள வேண்டிய வலது கீழறை, காலப்போக்கில் தடித்து, பிறகு விரிந்து, இறுதியில் தளர்ந்துபோகிறது. கால் வீக்கம் அப்போதுதான் வெளியே தெரியும். ஆனால் சி.ஓ.பி.டி. உள்ளவர்களுக்கு இதயத்தில் ஏற்படும் கோளாறு வலப்பக்கத்தோடு நிற்பதில்லை. நெதர்லாந்தில் 65 வயதைக் கடந்த 405 சி.ஓ.பி.டி. நோயாளிகளை நோய் நிலையாக இருந்த காலத்தில் பரிசோதித்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அதுவரை யாரும் கண்டறியாத இதயச் செயலிழப்பு 20.5 விழுக்காட்டினரிடம் இருந்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் "பழைய நெஞ்சுச் சளிதான்" என்று ஒதுக்கப்பட்டவர்கள் அவர்கள். எக்கோவின் முதல் பயன் எது என்ற என் முடிவுக்கு இந்த ஆய்வு பெரிய காரணம்.

எக்கோ அறையில் நடப்பதைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்த்தால்தான் அந்த 44 என்ற எண்ணின் மதிப்பு புரியும். நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, விலா எலும்புகளுக்கு இடையே ஜெல் தடவிய புரோபை வைக்கிறோம். ஒலியலைகள் காற்றை ஊடுருவிச் செல்லா. சி.ஓ.பி.டி. நோயாளியின் உப்பிய நுரையீரல் இதயத்தின் முன்னால் திரைபோல வந்து நின்றுவிடுவதால், திரையில் சாம்பல் மூட்டம்தான் முதலில் தெரிகிறது. மூச்சை முழுவதும் வெளியே விட்டு நிறுத்தச் சொன்னால் ஓரிரு நொடிகள் படம் தெளியும். ஆனால் மூச்சை நிறுத்தி வைப்பதுதான் அவரால் முடியாத காரியம். அதனால் புரோபை நெஞ்செலும்பின் கீழ்முனைக்குக் கீழே, மேல்வயிற்றில் அழுத்தி வைக்கிறோம். உதரவிதானம் தாழ்ந்து இதயமும் கீழிறங்கியிருப்பதால், மற்றவர்களிடம் சுமாராகவே கிடைக்கும் இந்தக் கோணம் இவர்களிடம் பெரும்பாலும் மிகச் சிறந்த படத்தைத் தருகிறது. அந்தக் கோணத்துக்கு நேரம் ஒதுக்காமல் "படம் சரியாகத் தெரியவில்லை" என்று முடித்துவிட்ட அறிக்கை உங்கள் கையில் இருந்தால், வேறு பரிசோதனைக்குப் போகும் முன் எக்கோவையே ஒருமுறை நிதானமாகத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். எக்கோ அழுத்தத்தை நேரடியாக அளப்பதில்லை. மூவிதழ் வால்வின் வழியே பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகத்தை அளந்து, அந்த வேகத்தின் இருபடியை நான்கால் பெருக்கி, வலது மேலறையின் அழுத்தத்தை ஊகித்துக் கூட்டினால் வருவதே ஆர்.வி.எஸ்.பி. கசிவின் வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் 36 மி.மீ. பாதரசம் வருகிறது. கீழ்ப் பெருஞ்சிரை எவ்வளவு அகலமாக இருக்கிறது, மூச்சை இழுக்கும்போது எவ்வளவு சுருங்குகிறது என்பதைப் பார்த்து அதனுடன் 3 அல்லது 8 அல்லது 15 கூட்டுகிறோம். ஆகவே ஒரே கசிவுக்கு 39, 44, 51 என மூன்று விடைகள் சாத்தியம். மூச்சுக்காகப் போராடும் ஒருவரின் நெஞ்சுக்குள் அழுத்தம் பெரிதாக ஏறியிறங்குவதால், அந்தச் சிரையின் சுருக்கத்தை நம்பி ஊகிப்பது இவர்களிடம் இன்னும் கடினம். வேகத்தை 3-க்குப் பதில் 3.2 என்று வாசித்துவிட்டால் 36 என்பது 41 ஆகிவிடும். கசிவின் திசைக்கும் ஒலிக்கற்றைக்கும் கோணம் விலகினால் எண் குறைந்துவிடும். மங்கிய படத்தின் விளிம்பில் இருக்கும் இரைச்சலையும் சேர்த்து அளந்தால் கூடிவிடும்.

நுரையீரல் மாற்று அறுவைக்காக மதிப்பிடப்பட்ட 374 பேரிடம் எக்கோவையும் கத்தீட்டரையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003-இல் வெளிவந்தது. அவர்களுள் பெரும்பான்மையோர் அடைப்பு நோய் உள்ளவர்கள். எக்கோவில் இந்த அழுத்தத்தை மதிப்பிடவே முடிந்தது 44 விழுக்காட்டினரிடம்தான். முடிந்தவர்களிலும் 52 விழுக்காட்டினரின் மதிப்பீடு கத்தீட்டர் அளவிலிருந்து 10 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தது. 48 விழுக்காட்டினர் தமக்கு இல்லாத நுரையீரல் உயர் அழுத்தம் இருப்பதாக வகைப்படுத்தப்பட்டிருந்தார்கள். இவர்கள் நோய் முற்றிய நிலையில் இருந்தவர்கள் என்பதையும், கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், ஆர்.வி.எஸ்.பி. என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒருவரை நோயாளி என்றோ நலமானவர் என்றோ முடிவுகட்டக் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கமும் ஐரோப்பிய சுவாசவியல் சங்கமும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், கூட்டிக் கணக்கிட்ட அழுத்தத்தை விட்டுவிட்டு, கசிவின் வேகத்தையும் அதனுடன் பிற அறிகுறிகளையும் பார்க்கச் சொல்கிறது. வேகம் 2.8 வரை என்றால், பிற அறிகுறிகளும் இல்லாதபோது, உயர் அழுத்தத்துக்கான வாய்ப்பு குறைவு, 3.4-க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். இடைப்பட்டதில் பிற அறிகுறிகளே தீர்மானிக்க வேண்டும்.

அந்தப் பிற அறிகுறிகளைத்தான் நான் அறிக்கையில் முதலில் தேடுவேன். வலது கீழறையின் அடிப்பகுதி இடது கீழறையைவிட அகலமாகிவிட்டதா, இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் வளைவை இழந்து தட்டையாகிவிட்டதா என்பவை கண்ணாலேயே பார்க்கக்கூடியவை. குறுக்குவெட்டுப் படத்தில் வட்டமாக இருக்க வேண்டிய இடது கீழறை ஆங்கில எழுத்தான 'D' போலத் தட்டைப்பட்டுத் தெரிந்தால், அழுத்த எண் அளக்கக் கிடைக்காவிட்டாலும் வலப்பக்கம் சுமை தாங்குகிறது என்று சொல்லிவிடலாம். டாப்சி என்று அறிக்கையில் வரும் அளவு, வலது கீழறை சுருங்கும்போது மூவிதழ் வால்வின் வளையம் எத்தனை மில்லிமீட்டர் நகர்கிறது என்பதைக் காட்டுகிறது. 17-க்குக் கீழே போனால் அந்த அறையின் வலு குறைந்திருக்கிறது. அறையின் சுவர் 5 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் சுமை நெடுநாளாக இருந்திருக்கிறது. மெல்லிய சுவருடன் திடீரென விரிந்த வலது கீழறை தெரிந்தால் மனம் வேறு பக்கம் போக வேண்டும்: நுரையீரல் குழாயில் இரத்தக் கட்டி அடைத்திருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டியிருக்கும். மூச்சிரைப்பு கூடி மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 740 சி.ஓ.பி.டி. நோயாளிகளிடம் பிரான்சில் நடந்த, 2021-இல் வெளியான ஆய்வில் 5.9 விழுக்காட்டினரிடம் அப்படிப்பட்ட கட்டி இருந்தது.

இடப்பக்கத்தைப் பொறுத்தவரை எக்கோவுக்கு நிகரான எளிய பரிசோதனை வேறில்லை என்பேன். இடது கீழறையின் சுருங்கும் திறன், பழைய மாரடைப்பு விட்டுச்சென்ற அசையாத சுவர்ப் பகுதி, வால்வுக் கோளாறு, விரிந்த இடது மேலறை ஆகியவற்றைப் படம் ஓரளவு தெரிந்தாலே சொல்லிவிடலாம். இவற்றுள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் சிகிச்சை அன்றே மாறுகிறது. 44 என்ற எண்ணால் பெரும்பாலும் எதுவும் மாறுவதில்லை. ஒரே தாளில் உள்ள இந்த இரண்டு தகவல்களில் வீட்டார் எப்போதும் இரண்டாவதையே படிக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது. இங்கு ஒரு நுணுக்கமும் உண்டு. உப்பிய நுரையீரல் காரணமாக இடது கீழறைக்குள் வந்து நிரம்பும் இரத்தமே குறைந்துவிடக்கூடும். அமெரிக்காவில் 2,816 பேரிடம் எம்.ஆர்.ஐ. கொண்டு செய்து 2010-இல் வெளியான ஆய்வு, எம்ஃபிசீமா கூடக் கூட இந்த நிரம்பல் குறைவதைக் காட்டியது. எனவே அறை சிறியதாகவும் சுருங்கும் திறன் இயல்பாகவும் இருக்கும் அறிக்கையைப் பார்த்து "இதயம் நன்றாக இருக்கிறது" என்று சொல்வது உண்மை என்றாலும், இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு போதுமானது என்று அதற்குப் பொருளாகாது.

பி.என்.பி. அல்லது என்.டி.-புரோ பி.என்.பி. என்ற இரத்தப் பரிசோதனையை எக்கோவுக்கு மாற்றாக அல்ல, எக்கோவுக்கு முன் நிற்கும் வாயிற்காவலாகவே நான் கருதுகிறேன். இதய அறைகளின் சுவர் இழுபடும்போது இரத்தத்தில் கலக்கும் பொருள் இது. அவசரமில்லாத நிலையில் என்.டி.-புரோ பி.என்.பி. 125-க்குக் கீழே இருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு என்று நிம்மதி கொள்ளலாம். எக்கோ எடுக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஊரில் இந்த நிம்மதி பெரிய உதவி. ஆனால் எண் கூடியிருந்தால், கூட்டியது இடப்பக்கமா வலப்பக்கமா என்று அதனால் சொல்ல முடியாது. முதுமை, சிறுநீரகக் குறைபாடு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவற்றாலும் அது கூடும். உடல் பருமன் உள்ளவர்களிடம் குறைத்துக் காட்டும். ஆகவே கூடிய எண்ணுக்கு விடை எக்கோவிடம்தான் இருக்கிறது. இ.சி.ஜி. எப்படியும் எடுக்கப்படும், அதில் வலப்பக்கச் சுமையின் அடையாளங்கள் தெரிந்தால் நம்பலாம், தெரியாவிட்டால் சுமை இல்லை என்று நம்ப முடியாது.

சி.டி. பற்றித் தனியாகச் சொல்லக் காரணம், பெரும்பாலான நோயாளிகளிடம் அது ஏற்கெனவே பையில் இருக்கிறது. நுரையீரல் தமனியின் அகலத்தை அதனருகே செல்லும் மகாதமனியின் அகலத்துடன் ஒப்பிட்டு, முன்னது பெரிதாக இருந்தால், அதாவது விகிதம் 1-ஐத் தாண்டினால், அவர்களுக்கு நோய் கடுமையாகி மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு கூடுதல் என்று 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது. மார்பு சி.டி.யில் இதை அளக்கப் புதிதாக ஒரு ரூபாயும் செலவில்லை. கதிரியக்க மருத்துவரிடம் கேட்டால் போதும். எக்கோவில் படம் கிடைக்காத ஒருவரிடம் இந்த விகிதம் 1-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த கட்டத்தை யோசிக்கலாம். எக்கோவில் 44 என்று வந்து, வலது கீழறை இயல்பாகவும் இந்த விகிதம் 1-க்குக் கீழும் இருந்தால் அந்த 44-ஐப் பெரிதுபடுத்தத் தேவையில்லை என்பது என் கருத்து.

எம்.ஆர்.ஐ. வலது கீழறையின் கொள்ளளவையும் வலுவையும் எல்லாவற்றையும்விடத் துல்லியமாக அளக்கும். காற்று அதற்குத் தடையில்லை. ஆனால் மட்டமாகப் படுத்து, குறுகிய குழலுக்குள், திரும்பத் திரும்பப் பத்துப் பதினைந்து நொடிகள் மூச்சை நிறுத்த வேண்டும். நான்கு தலையணை வைத்துத் தூங்குகிறவரிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. ஆய்வுக்கும் குழப்பமான சில நோயாளிகளுக்கும் ஏற்றது. இந்த முடிவில் அதற்கு நான் முதலிடம் தரமாட்டேன்.

கத்தீட்டர் என்றதும் பலருக்கு ஆஞ்சியோ நினைவுக்கு வருகிறது. இது அதுவன்று. கழுத்து, கை அல்லது தொடையிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாயை வலது மேலறை, கீழறை, நுரையீரல் தமனி என்று படிப்படியாகச் செலுத்தி, ஒவ்வோர் இடத்திலும் அழுத்தத்தை நேரடியாக அளக்கிறார்கள். நுரையீரல் உயர் அழுத்தம் என்ற நோயை உறுதிப்படுத்தும் பரிசோதனை இது ஒன்றே. சராசரி அழுத்தம் 20 மி.மீ.க்கு மேல் என்பது இன்றைய வரையறை. தமனியின் கிளை ஒன்றைச் சிறு பலூனால் அடைத்து எடுக்கும் அளவு 15-க்குள் இருந்தால் கோளாறு நுரையீரல் குழாய்களில் இருக்கிறது, அதைத் தாண்டினால் இதயத்தின் இடப்பக்கத்துக்கும் பங்குண்டு என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. எக்கோவால் உறுதியாகச் செய்ய முடியாத பிரிப்பு இதுவே. சி.ஓ.பி.டி. உள்ளவர்களிடம் மூச்சுக்கு மூச்சு இந்த அளவு ஏறியிறங்குவதால், ஒரே மூச்சின் எண்ணை எடுக்காமல் குறைந்தது மூன்று மூச்சுகளின் சராசரியை எடுப்பது முறை. ஆபத்தைப் பொறுத்தவரை, அனுபவமுள்ள மையங்களில் செய்யப்பட்ட 7,218 பரிசோதனைகளைத் தொகுத்து 2006-இல் வெளியான ஆய்வில் கடுமையான பாதிப்புகள் 1.1 விழுக்காடு, உயிரிழப்பு 0.055 விழுக்காடு. அஞ்சும் அளவுக்கு இல்லை. ஆனாலும் விடை எதையும் மாற்றப்போவதில்லை என்றால் இந்தச் சிறு ஆபத்தையும் ஏற்கக் காரணமில்லை.

விடை எப்போது எதை மாற்றும் என்பதே இந்த ஒப்பீட்டின் மையம். சி.ஓ.பி.டி.யில் நுரையீரல் அழுத்தம் பொதுவாகச் சிறிதளவே கூடுகிறது, மெதுவாகவே ஏறுகிறது. கத்தீட்டர் செய்யப்பட்ட 998 சி.ஓ.பி.டி. நோயாளிகளைப் பற்றி 2005-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், சராசரி அழுத்தம் 40-ஐ எட்டியவர்கள் 27 பேர்தான். அவர்களிலும் 16 பேருக்கு அதை விளக்கும் வேறொரு நோய் இருந்தது. அழுத்தம் மிகவும் கூடியிருந்தால் "நுரையீரல் நோய்தானே" என்று விட்டுவிடாமல் இரத்தக் கட்டி, உறக்க மூச்சுத்தடை, இடப்பக்க இதய நோய் என்று தேட வேண்டும் என்பதை அந்த 16 பேர் சொல்கிறார்கள். மறுபுறம், சிறிதளவு கூடிய அழுத்தத்துக்கென்று தனி மருந்து கிடையாது. மூச்சுவழி ட்ரெப்ரோஸ்டினில் என்ற மருந்து, நுரையீரல் தழும்பு நோயுடன் உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு நடைத்திறனைக் கூட்டியது 2021-இல் தெரியவந்தது. அதே மருந்தை சி.ஓ.பி.டி. உள்ளவர்களிடம் சோதித்த ஆய்வோ, கடும் பக்கவிளைவுகள் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. எனவே எக்கோ அறிக்கையைப் பார்த்து உறவினர் யாரேனும் பரிந்துரைக்கும் "நுரையீரல் பிரஷர் மாத்திரை"யை வாங்கிச் சாப்பிடுவது, காற்று சேராத பகுதிகளுக்கு இரத்தத்தைத் திருப்பிவிட்டு ஆக்சிஜனை மேலும் குறைத்துவிடக்கூடும்.

ஆக்சிஜனின் கதை வேறு. தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 55 மி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால், நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் ஆக்சிஜன் எடுத்துக்கொள்வது ஆயுளை நீட்டிக்கிறது என்பது 1980, 1981-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகளால் நிலைபெற்ற உண்மை. 55-க்கும் 60-க்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்பவருக்கு வலப்பக்க இதயச் சுமையின் அடையாளம் இருந்தால் அவரும் அந்தச் சிகிச்சைக்கு உரியவராகிறார். எக்கோவில் தெரியும் வலது கீழறையின் நிலை ஒரு மனிதரின் வீட்டுக்கு ஆக்சிஜன் கருவியைக் கொண்டுவரும் இடம் இது. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகளும் அப்படியே: எக்கோவில் இதயச் செயலிழப்பு உறுதியானவருக்கு, பெரும்பாலும் இதயத்தைக் குறிவைக்கும் வகையை சி.ஓ.பி.டி.யைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. இதய நோய்க்கான தேவையே இல்லாதவர்களுக்கு அவ்வகை மருந்தான மெட்டோப்ரோலால் கொடுத்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டு ஆய்வில், மருத்துவமனையில் சேரவைக்கும் கடுமையான மூச்சிரைப்பு கூடியது. இரண்டில் எந்தப் பக்கம் ஒருவர் நிற்கிறார் என்பதை அறிய எக்கோ வேண்டும்.

இவற்றை வைத்துப் பார்த்தால், ஸ்பைரோமெட்ரி எண்களால் விளக்க முடியாத மூச்சிரைப்பு உள்ள எவருக்கும் எக்கோவை முதலில் வைப்பேன். உடன் இரத்தப் பரிசோதனையும் பழைய சி.டி.யும். கத்தீட்டரை நான்கு பேருக்காக வைத்திருப்பேன்: வலது கீழறை விரிந்து தளர்ந்திருப்பதை எக்கோ காட்டியும் நுரையீரல் நோய் அவ்வளவு முற்றாதவர், இடப்பக்கமா வலப்பக்கமா என்று எக்கோவால் பிரிக்க முடியாதவர், நுரையீரல் மாற்று அறுவைக்கோ, நுரையீரல் அளவைக் குறைக்கும் அறுவைக்கோ தயாராகிறவர், நாட்பட்ட இரத்தக் கட்டி இருக்கக்கூடும் என்று ஸ்கேனில் ஐயம் எழுந்தவர். ஆர்.வி.எஸ்.பி. 44 என்பதைத் தவிர வேறெந்த அடையாளமும் இல்லாதவர் இந்த நால்வருள் இல்லை.

எக்கோ எடுக்கும் நாளையும் கவனிக்க வேண்டும். மூச்சிரைப்பு முற்றி மருத்துவமனையில் படுத்திருக்கும்போது ஆக்சிஜன் குறைவால் நுரையீரல் தமனியின் அழுத்தம் தற்காலிகமாக ஏறியிருக்கும். அந்த நாளில் இடப்பக்கத்தைப் பார்ப்பதும் இரத்தக் கட்டியின் அடையாளத்தைத் தேடுவதும் அவசியம். அந்த நாளின் வலப்பக்க அழுத்தத்தை வாழ்நாள் முத்திரையாகக் குத்துவது தவறு. உடல் தேறிச் சில வாரங்கள் கழித்து மறுபடி எடுக்கும்போது, முன்பு எடுத்த அறிக்கையையும், முடிந்தால் எக்கோ படங்கள் உள்ள குறுந்தகட்டையும், அன்று விரல் நுனியில் காட்டிய ஆக்சிஜன் அளவைக் குறித்த தாளையும் கையோடு கொண்டுவாருங்கள். மூவிதழ் வால்வின் கசிவு போன முறை எந்தக் கோணத்தில் அளக்கப்பட்டது என்று தெரிந்தால், அதே கோணத்தில் புரோபை வைத்து அளக்க எங்களால் முடியும்.